விரால் அச்சு

அச்சில் வார்த்தெடுத்த ரப்பர் மீன் மறுபடி அந்த அச்சுக்குள் உட்கார மறுத்தது. சின்ன விஷயம்தான். பங்காரம்மா அதை வெள்ளை அச்சின் குழிக்குள் வைத்து அழுத்திப் பார்த்தாள். வால் வெளியே துருத்தியது. வாலை அமுக்கினால் தலை எழும்பியது. வேறொருத்தியாக இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு அடுப்பில் பொங்கும் உலையைக் கவனித்திருப்பாள். இவள் வார்ப்புக்கு மர மாதிரி செதுக்கும் பேட்டர்ன்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தொழில் பேசாமல் சோற்றில் கை வைக்காத மனுஷனிடம் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடமான ஒரே பாடம், வார்த்தது எதுவானாலும் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும் என்பது. அதனால்தான் பேட்டர்னை எப்போதும் ஒரு நூல் பெரிதாகவே செதுக்குவார்களாம். அச்சைவிடச் சின்னதாக வரலாம். பெரிதாக வர வழியே இல்லை.

"ஏனுங்க, இது அச்சை உடப் பெருசா இருக்குதுங்களே?"

பாலகோபால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நல்லதாப் போச்சு உடு. பெரிய இரைக்குப் பெரிய மீனு வரும்," என்றான்.

பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் மோட்டார் பம்புக்கு மரத்தில் பேட்டர்ன் செதுக்குவது அவன் வேலை. கை சுத்தமான கை; வாய்தான் கொஞ்சம் நீளம். சிங்காநல்லூர் குளத்துக் கரையை ஒட்டி வீடு பிடித்ததே தூண்டில் சபலத்தால்தான். சீனச் சண்டை முடிந்த மறு வருஷம், ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார மில் இன்ஜினீயர் தன் தூண்டில் பெட்டியை இவனிடம் தள்ளிவிட்டுப் போனார். அதற்குள் ஒரு ரப்பர் புழு இருந்தது. தொட்டால் நிஜப் புழுவாக நெளிந்தது. சபலம் அன்றைக்குப் பைத்தியமாக முற்றியது.

ஆர்.எஸ்.புரத்தில் பொம்மை செய்துவந்த ஒருவர் தொழிலை மூடியபோது, அவருக்குப் பேட்டர்ன் செய்து கொடுத்த பழக்கத்தில் ஒரு பெரிய டின் பிளாஸ்டிக் பாலை வாங்கி வந்தான். பார்வைக்குப் பசும்பால்தான். அலுமினியக் கிண்ணத்தில் ஊற்றி ஸ்டவ்வில் வைத்தால் தயிராகத் திரளும், பிறகு இளகிக் கண்ணாடியாகும், அச்சில் ஊற்றி ஆறவிட்டால் துவளுகிற ரப்பராகும். கூடவே வந்த சாயப்பொடி பொம்மைத் தோலின் நிறம். கருகிய சர்க்கரையும் எரிந்த ஒயரும் கலந்த அந்தத் தித்திப்பு நாற்றம் வீட்டின் துணிமணியிலும், அரிசிப் பானையிலும், ஐந்து வயசு மகள் ராமாமணியின் தலைமுடியிலும்கூட ஏறிக்கொண்டது. பங்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். குழந்தைக்கோ அப்பா பொம்மை செய்கிறார் என்று ஒரே கொண்டாட்டம்.

முதல் அச்சுக்கு அவன் தேர்ந்தெடுத்ததுதான் தப்பாகப் போயிற்று. விரால் மீன் குஞ்சு பொரித்தால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரு கூட்டமாக நீர்மட்டத்தில் திரியும். தாய் அடியிலேயே நின்று காவல் காக்கும். அந்த நாட்களில் அந்தக் கூட்டத்தைக் குளத்து ஆட்கள் யாரும் தொட மாட்டார்கள். வலை வீசினாலும் சுற்றிக்கொண்டு போய்த்தான் வீசுவார்கள். குளத்தின் மீன் குத்தகையைப் பார்த்துக்கொள்கிற மாரப்பன் வேலியோரம் நின்று பாலகோபாலிடம் தன்மையாகத்தான் சொன்னான்.

"வேற எதை வேணா புடிச்சுக்குங்க. குஞ்சை மட்டும் எடுக்காதீங்க. தாய் பாத்துப்போட்டுதுன்னா உடாதுங்க."

"மீனு வந்து கதவத் தட்டுமாக்கும்!" என்று பாலகோபால் சிரித்தான்.

அன்று சாயங்காலமே துண்டை விரித்துக் குஞ்சுகளை ஒரு சட்டி நிறைய அள்ளி வந்தான். செத்த மீனை வைத்து அச்சு எடுத்தால் துடுப்பு தொங்கிப்போகும், உசிரோடு வைத்தால்தான் உருவம் நிற்கும் என்பது அவன் கணக்கு. பெட்டியில் பாதிக்குப் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினான். பெரிய குஞ்சாக ஒன்றைப் பொறுக்கி, அதில் பாதி உடம்பு அமுங்கும்படி கிடத்தினான். அது துள்ளியது. "நீ கொஞ்சம் புடிச்சுக்க அம்மணி," என்று ஒரு தீக்குச்சியை அவள் கையில் கொடுத்தான். பங்காரம்மா குச்சியால் அதை அமுக்கிப் பிடித்தாள். இறுகும்போது பிளாஸ்டர் சூடேறும். குச்சியின் முனை வழியாக அந்தத் துடிப்பு அவள் விரலுக்கு வந்தது, பிறகு வரவில்லை. ஒட்டாமலிருக்க வீட்டுத் தேங்காயெண்ணெயையே மேலே தடவி, மறுபாதியையும் ஊற்றினான். ஆறியதும் இரண்டாகப் பிளந்தால் உள்ளே குஞ்சின் குழி. திறந்த வாயும், விரிந்த செவுளும் அப்படியே பதிந்திருந்தன. மிச்சக் குஞ்சுகளைச் சட்டியோடு சாக்கடையில் கொட்டினான்.

முதல் ரப்பர் குஞ்சை எடுத்து விளக்கில் காட்டினான். இரண்டு அச்சும் சேருகிற இடத்தில் பிளாஸ்டிக் மெல்லிசாகக் கசிந்து, தலையிலிருந்து வால்வரை இரண்டு பக்கமும் ஒரு கோடு ஓடியது. "இதான் சேர்ப்புக் கோடு. எத்தனை கைகாரனா இருந்தாலும் வார்த்ததுல இது இருக்கும். பெத்ததுல இருக்காது," என்று பிளேடால் அதைச் சீவினான்.

"அது ரப்பர்னு தாய்க்குத் தெரியாதுங்களா?"

"தூரத்துல தெரியாது. இப்படி ஆட்டோணும். இழு, நிறுத்து. இழு, நிறுத்து. கூட்டத்தை உட்டுப் பிரிஞ்ச குஞ்சு தத்தளிக்குதுன்னு ஓடியாரும்."

"கிட்ட வந்தா?"

"கிட்ட வந்தாத் தெரியும். தெரிஞ்சாலும் வாயத் தொறக்கும். பெத்ததாட்டம் இருந்தாப் போதும் அம்மணி, அதுனால சும்மா இருக்க முடியாது." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு சாயங்காலம் தவறாமல் விரால் வந்தது. கையளவு, முழத்தளவு, குழந்தையின் தொடையளவு. விரால் லேசில் சாகாது. துணி துவைக்கிற கல்லில் வைத்து உலக்கையால் அவன் மண்டையில் போடுகிற சத்தம் சமையற்கட்டுவரை கேட்கும். முதலில் ணங்கென்றும், பிறகு ஈரமாகவும். செத்த பிறகும் இரண்டு போடு போட்டான். பிறகு நாலு. ஒருநாள் அவள் எட்டிப் பார்த்தபோது கல்லில் மீனே இல்லை, சிவப்புக் கூழ்தான் இருந்தது. அவன் இன்னும் உலக்கையை ஓங்கிக்கொண்டிருந்தான். சட்டையிலும் பல்லிலும் ரத்தம் தெறித்திருந்தது. மற்ற மீன்களை ஆய்ந்து பார்த்தால் குடல் வெறுமையாக இருந்தது. அத்தனையும் குஞ்சுக் காவலில் இரை எடுக்காத தாய்கள்.

வார்க்க வார்க்க ரப்பர் குஞ்சுகள் வளர்ந்தன. அச்சு அதேதான், அவள் ஒரு நூல்கயிற்றால் அளந்தே பார்த்தாள். உள்ளிருந்து வந்தது மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிசாக, கொஞ்சம் தடியாக வந்தது. சுருங்க வேண்டியது வளர்ந்தது. தகர டப்பாவில் போட்டு மூடியவை மூடியைத் தள்ளிக்கொண்டு கிடந்தன. பாலகோபால் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான். பவுண்டரிக்குப் போவதையும் நிறுத்திவிட்டான்.

"கொளத்துல ஒரு தாய் விராலு இருக்குது," என்றான் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டே, தின்னாமல். "கால்மாட்டுலயே வந்து நிக்குது. பனந்தூரு தண்டி. இரையக் காட்டினா தொட மாட்டேங்குது. என்னையவே பாக்குது."

"உட்டுப்போடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறனுங்க."

"அதுக்குக் குஞ்சு செத்தது தெரிஞ்சுபோச்சு. இனி ரப்பர் மீனு ஆவாது. வேற வேணும்." அவன் பார்வை பாயில் தூங்கும் குழந்தையின் பக்கம் போய் நின்றது. அவள் சட்டென்று எழுந்து நடுவில் உட்கார்ந்தாள்.

மறுநாள் மத்தியானம், அவன் குளத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போய்த் திரும்பியவள் ராமாமணிக்குத் தலை வாரிவிட்டாள். சீப்பு எதிலோ இடறியது. காதுக்குப் பின்னால் வெள்ளையாக, காய்ந்து, செதிலாக ஒட்டியிருந்தது. பிளாஸ்டர். கையைப் பிடித்து முகர்ந்தாள். முழங்கைவரை தேங்காயெண்ணெய். நகக்கண்களில் வெள்ளை.

"அப்பா கைய மாவுக்குள்ள வெக்கச் சொன்னாருங்மா. சுட்டுது. அழுவக் கூடாதுன்னாரு."

பங்காரம்மா பின்கட்டுக்கு ஓடினாள். பலகையின் மேல், பொம்மைத் தோல் நிறத்தில், ஒரு குழந்தையின் கை. ஐந்து விரலும் விரிந்து, நகமும் ரேகையும் பதிந்து, மணிக்கட்டில் தூண்டில் முள் ஏறியிருந்தது. அவள் அரிவாளை எடுத்து அதை வெட்ட ஓங்கினாள். வெட்டு பலகையில் இறங்கியது. பின்னாலிருந்து அவள் கொண்டையைப் பிடித்து அவன் இழுத்தான். அவள் நெற்றியைச் சுவரில் மோதினான். மறுபடி மோதினான். விரால் மண்டையில் போடுகிற அதே நிதானம். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியபோது கடைசியாக அவள் பார்த்தது, ராமாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வாசலைத் தாண்டுவதை. குழந்தையின் காலில் வெள்ளிக் கொலுசு சிணுங்கிக்கொண்டே போயிற்று.

அவளை எழுப்பியது பக்கத்து வீட்டு ஆமினா பீவியின் அலறல். விழுந்து எழுந்து கரைக்கு ஓடியபோது வெயில் சாய்ந்திருந்தது. கோரைப்புல்லுக்குள் மாரப்பனும் இன்னும் சிலரும் வட்டமாக நின்றார்கள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பு அவர்களுக்கே இல்லை.

பாலகோபால் மல்லாந்து கிடந்தான். வலது கை தோளோடு போயிருந்தது. வெட்டியதாக இல்லை, பிய்த்ததாக இருந்தது. வயிற்றில் பிறை பிறையாகப் பல் இறங்கிய தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. தூண்டிலின் நைலான் நரம்பு கழுத்தைச் சுற்றிச் சுற்றி, சதையை அறுத்து உள்ளே போய் மறைந்திருந்தது. மண்டை நசுங்கிக் கூழாகியிருந்தது. செத்த பிறகும் ஏதோ அவனைக் கல்லில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"எங்கொழந்த எங்க மாரப்பா?"

மாரப்பன் வலையை எடுத்து வர ஆள் அனுப்பினான்.

வலை போட்டு அரித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பாலகோபாலை எரித்து, சாம்பலும் கரைத்தாயிற்று. துக்கத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மழைக் காலையில், வாசல்படியில் நனைந்த கால் வைத்து ராமாமணி உள்ளே வந்தாள்.

வீடே ஓவென்று அழுதது. ஆமினா பீவி ஓடிப்போய்த் தன் வீட்டுப் பாலைக் காய்ச்சி எடுத்து வந்தாள். பங்காரம்மா குழந்தையை மடியில் போட்டு முத்தம் கொடுத்த இடத்திலேயே திரும்பத் திரும்பக் கொடுத்தாள். தண்ணீரில் கிடந்த உடம்பு, ஜில்லென்றுதான் இருக்கும். பயந்த பிள்ளை, பேசாதுதான். கொலுசு தண்ணீரோடு போயிருக்கும். மாரப்பன் மட்டும் வேலியைத் தாண்டி வரவில்லை. குழந்தையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மணி, எது நடந்தாலும் நீங்க கொளத்துப் பக்கம் மட்டும் வந்துறாதீங்க," என்று சொல்லிப் போனான்.

ராமாமணியின் பழைய பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. பங்காரம்மா நாடாவை இறுக்கிக் கட்டினாள். புதிதாகப் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டிலிருந்து தாமாகக் கழன்று தரையில் உருண்டன. நிறுத்திப் பார்த்தால், கதவில் முன்பு கரியால் போட்டுவைத்த உயரக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றாள்.

"புள்ள எளச்சுப்போச்சும்மா," என்றாள் ஆமினா பீவி.

"ஆமாங்க. எளச்சுத்தான் போச்சு," என்றாள் பங்காரம்மா. இளைத்திருந்தால் கன்னம் ஒட்டியிருக்க வேண்டும். கன்னம் ஒட்டவில்லை. எல்லாமே அளவு மாறாமல், ஒன்றுபோல, கொஞ்சம் சின்னதாக இருந்தது. அந்த நினைப்பை அவள் மேலே போக விடவில்லை. குழந்தை சோற்றை வாயில் வாங்கும், மெல்லாது. பார்க்காதபோது சோறு தட்டுக்கே திரும்பியிருக்கும். பகலெல்லாம் குளம் இருக்கிற திசைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். பிளாஸ்டிக் டின்னை என்றைக்கோ கிணற்றடியில் புதைத்தாயிற்று. ஆனாலும் வீட்டில் அந்தத் தித்திப்பு நாற்றம் போகவில்லை. குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தால் இன்னும் அதிகமாக வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் தேய்த்து ஊற்றலாம் என்று முற்றத்துப் பலகையில் உட்காரவைத்தாள். மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் பித்தளை அண்டாவில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, உச்சியில் வைத்து, காதுக்குப் பின்னால் கட்டைவிரலை இறக்கினாள்.

ஏதோ நெருடியது.

நூல் ஒட்டியிருக்கிறது என்று தேய்த்தாள். போகவில்லை. கட்டைவிரல் அதன் வழியே தானாக இறங்கியது. காதுக்குப் பின்னால். கழுத்தின் பக்கவாட்டில். தோள். அக்குள். விலா. இடுப்பு. தொடை. கணுக்கால். மெல்லிசான ஒரு விளிம்பு. ஒரே கோடு. அறுபடாமல்.

மறுபக்கம் தடவினாள்.

அங்கேயும்.

சேர்ப்புக் கோடு.

அவள் அதன் முகவாயைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினாள். தாடைக்கு அடியில், தூண்டில் முள் ஏறிய மாதிரி ஒரு ஓட்டை. சின்னது. ரத்தம் இல்லை. உள்ளேயும் அதே பொம்மைத் தோல் நிறம். அதன் கண்கள் அவளைப் பார்த்தன. வாய் திறந்தது. "அம்மா," என்றது. ராமாமணியின் குரல். அவளுடைய குரலேதான். அந்த ஒரு சொல் மட்டும்.

"எங்கொழந்த எங்க?" என்றாள் பங்காரம்மா. "எங்கொழந்தய என்ன பண்ணுனே? சொல்லு."

அது எழுந்தது. எண்ணெய் வழியும் உடம்போடு வாசலுக்கு நடந்தது. நாலடி விருட்டென்று போகும். நிற்கும். மறுபடி விருட்டென்று போகும். நிற்கும். முகவாய் சற்று முன்னால் நீட்டியபடி, யாரோ இழுக்கிற மாதிரி.

இழு. நிறுத்து. இழு. நிறுத்து.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாமே தெரிந்துவிட்டது. தீக்குச்சி முனையின் துடிப்பு இப்போது அவள் விரலில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் போதும். மாரப்பன் சொன்னதும் அதுதான். அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"அம்மா," என்றது வெளியே. விசும்பலோடு.

பெத்ததாட்டம் இருந்தாப் போதும்.

பங்காரம்மா ஓடினாள். வேலியைத் தாண்டி, சேறு வழுக்கும் சரிவில், கரையைத் தாண்டி ஓடினாள். இருட்டு இன்னும் முழுசாக விழவில்லை; குளம் வெளிறிக் கிடந்தது. சின்ன உருவம் தண்ணீரில் இறங்கியது. முழங்கால். இடுப்பு. நின்றது. தத்தளித்தது. தூரத்தில் மாரப்பன், "வேண்டாமுங்க அம்மணீ!" என்று கத்திக்கொண்டு வந்தான். அவள் காதில் அது ஏறவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு. மாருக்கு. கையை நீட்டினாள். எண்ணெய் வழுக்கிற அந்தத் தோளைப் பிடித்துவிட்டாள்.

சுற்றிலும் தண்ணீர் சிவந்தது. குஞ்சுகள். ஆயிரம் ஆயிரமாக, செக்கச்செவேலென்று, அவளைச் சூழ்ந்து மேலே வந்தன. ஒன்றும் அசையாமல் அவளையே பார்த்தன. அவற்றுக்கு அடியில் குளத்தின் அடித்தரை மெதுவாக மேலே எழும்பியது.

அது தரை இல்லை.

வாய் திறந்தது. வண்டிச் சக்கரம் அகலத்துக்கு. வரிசை வரிசையாகப் பல். பல்லில் பாலகோபாலின் சட்டைக் கிழிசல். அதற்கும் உள்ளே, இருட்டான சிவப்புத் தொண்டைக்குள், ஒரு சின்னக் கால். அதில் வெள்ளிக் கொலுசு.

கால்விரல்கள் அசைந்தன.